மியோல்னிரின் குட்டைக் கைப்பிடி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வட ஐரோப்பியரின் நார்ஸ் புராணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடி தேவன் தோர், குறும்புக்கார லோகி, தேவர் தலைவன் ஓடின் ஆகியோரைத் திரையில் பார்த்தவர்களிடமிருந்து வந்தவை. இருபது வயதில் கன்னிமாரா நூலகத்தில் இந்தக் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துப் படிக்கத் தொடங்கியவள் நான். அன்று இவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைக்கவில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

அம்மா, என் பத்து வயது மகன் கேட்கிறான்: தகுதி உள்ளவர் மட்டுமே தோரின் சுத்தியலைத் தூக்க முடியும் என்பது புராணத்திலேயே இருக்கிறதா? – ஒரு தாய், கோயம்புத்தூர்

இல்லை. அந்த விதி பிறந்த இடம் நியூயார்க். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ காமிக்ஸின் 83ஆம் இதழில் ஸ்டான் லீ, அவருடைய தம்பி லாரி லீபர், ஓவியர் ஜாக் கிர்பி ஆகிய மூவரும் தோரை அறிமுகம் செய்தார்கள். கால் ஊனமுற்ற டொனால்ட் பிளேக் என்ற மருத்துவர் நார்வேயில் ஒரு குகைக்குள் சிக்கிக்கொள்கிறார். அங்கே கிடைத்த கைத்தடியைப் பாறையில் அடிக்கிறார். தடி சுத்தியலாகிறது, அவர் தோராகிறார். தகுதி உடையவர் எவரோ அவருக்கே தோரின் ஆற்றல் என்ற வாசகம் அந்தச் சுத்தியலில் பொறித்திருக்கிறது. 2019இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் கேப்டன் அமெரிக்கா சுத்தியலை ஏந்தியபோது திரையரங்குகள் அதிர்ந்தது இந்த வாசகத்தின் பலத்தில்தான்.

பழைய பாடலில் மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியல் திருடு போகிறது. தோர் ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் சுத்தியலைக் காணவில்லை. தாடி சிலிர்க்க, தலையை உலுக்கிக்கொண்டு கையால் துழாவுகிறான். எடுத்துப் போனவன் த்ரிம் என்ற ராட்சதன். பூமிக்கடியில் எட்டுக் காத ஆழத்தில் புதைத்துவிட்டேன், ஃப்ரேயா தேவியை எனக்கு மணம் முடித்துத் தந்தால் தருகிறேன் என்கிறான். ஃப்ரேயாவுக்கு வந்த கோபத்தில் அவள் கழுத்து மாலை அறுந்து விழுகிறது. கடைசியில் தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு, முக்காடு இட்டு, இடுப்பில் சாவிக் கொத்து தொங்கவிட்டு அனுப்புகிறார்கள். தோழி வேடத்தில் லோகி போகிறான். கல்யாண விருந்தில் ‘மணப்பெண்’ ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மது குடிக்கிறாள். த்ரிம் திகைக்கிறான். உங்கள் வீட்டுக்கு வரும் ஆசையில் எட்டு இரவுகள் அவள் எதுவுமே சாப்பிடவில்லை என்று லோகி சமாளிக்கிறான். பிறகு மணப்பெண்ணைப் புனிதப்படுத்தச் சுத்தியலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைக்கும்படி த்ரிம் உத்தரவிடுகிறான். வைக்கிறார்கள். அதன்பின் அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

திருடன் எடுக்கிறான், புதைக்கிறான், மீண்டும் எடுத்து மடியில் வைக்கச் செய்கிறான். சுத்தியல் யாருடைய குணத்தையும் சோதிக்கவில்லை. அதைக் கையாளத் தோருக்கே வேறு துணை தேவைப்படுகிறது. இரும்புக் கையுறைகள் இல்லாமல் அவனால் அதன் பிடியைப் பற்ற முடியாது. இடைக்கச்சையைக் கட்டினால்தான் பலம் இரட்டிப்பாகும்.

தகுதிச் சோதனை நார்ஸ் இலக்கியத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். வோல்சுங் குலத்தின் கதையில் ஒற்றைக் கண் கிழவன் ஒருவன் கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, நடுக்கூடத்தில் நிற்கும் மரத்தில் ஒரு வாளைக் கைப்பிடி வரை செருகிவிட்டு, உருவுகிறவனுக்கு இது என் பரிசு என்று சொல்லிப் போய்விடுகிறான். கூடியிருந்த எல்லோரும் முயன்று பார்க்கிறார்கள். அந்தக் குலத்துச் சிக்முண்டின் கைக்கு மட்டும் வாள் வருகிறது. அந்தக் கிழவன் ஓடின். அப்படிக் கிடைத்த வாளையும் பிற்காலத்தில் போர்க்களத்தில் ஓடினே வந்து முறித்துவிடுகிறான். சிக்முண்டின் குணத்தில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அவனுடைய காலம் முடிந்துவிட்டது என்று ஓடின் தீர்மானித்தான், அவ்வளவுதான்.

சுத்தியலின் கைப்பிடி ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது? படத்தில் காரணம் சொல்லவில்லையே. – கல்லூரி மாணவர், சேலம்

உங்கள் கேள்வியைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். காமிக்ஸிலும் படத்திலும் அப்படியே எஞ்சியிருக்கும் மிகப் பழைய அடையாளம் அதுதான்.

சித்திரக்குள்ளர்களான ப்ரொக்கரும் எய்ட்ரியும் உலைக்களத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்யும் பொருள்கள் சிறப்பாக இருக்காது என்று லோகி தன் தலையையே பந்தயம் வைத்திருக்கிறான். எய்ட்ரி உலையில் பொருளை இடுவான். நான் திரும்பி வரும்வரை துருத்தியை நிறுத்தாதே என்று ப்ரொக்கரிடம் சொல்லிவிட்டுப் போவான். ஓர் ஈ வந்து முதலில் ப்ரொக்கரின் கையில் கடிக்கிறது, அவன் நிறுத்தவில்லை. தங்க ரோமப் பன்றி உருவாகிறது. அடுத்து கழுத்தில் இன்னும் பலமாகக் கடிக்கிறது; அப்போதும் நிறுத்தவில்லை. ஒன்பதாவது இரவுதோறும் தன் எடைக்குச் சமமான எட்டு மோதிரங்களைச் சொட்டும் தங்க வளையம் உருவாகிறது. மூன்றாவது முறை உலைக்குள் இரும்பு இருக்கிறது. ஈ இம்முறை இமைகளுக்கு நடுவில் கடிக்கிறது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்து பார்வை மறைந்ததும், ப்ரொக்கர் ஒரு கணம் துருத்தியை விட்டுக் கையை உதறி ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்தில்தான் கைப்பிடி குட்டையாகிப் போனது.

தேவர்கள் கூடி மூன்றையும் ஆராய்ந்து, குறையுள்ள சுத்தியலே எல்லாவற்றிலும் சிறந்தது என்று தீர்ப்பளித்தார்கள். ராட்சதர்களிடமிருந்து காக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. பந்தயத்தில் தோற்ற லோகியோ, தலைதான் உன்னுடையது, கழுத்து என்னுடையது என்று வாதாடித் தப்பினான். ப்ரொக்கர் அவன் உதடுகளைத் தோல் வாரால் தைத்துவிட்டான். 1950இல் டென்மார்க்கின் ஸ்னாப்டுன் கடற்கரையில் உலைத் துருத்தியைக் காக்கும் கல் ஒன்று கிடைத்தது. அதில் செதுக்கியிருக்கும் மீசைக்கார முகத்தின் உதடுகளில் தையல் கோடுகள் தெரிகின்றன. துருத்திக் கல்லில் அந்த முகத்தைச் செதுக்கிய கொல்லனுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

2018இல் வந்த படத்தில் தோரின் புதிய கோடரிக்குக் கைப்பிடி இல்லாமல் போக, மர உருவம் கொண்ட க்ரூட் தன் கையையே வெட்டிக் கைப்பிடியாகக் கொடுப்பான். எழுதியவர்களின் மனத்தில் இந்தப் பழைய குறை இருந்ததோ இல்லையோ, அந்தக் காட்சி புராணத்துக்கு மிக நெருக்கமானது. ஆயுதம் முழுமை பெற ஒருவன் தன் உடலில் ஏதோ ஒன்றை இழக்கிறான்.

புராணத் தோர், படத் தோர்: இருவரில் யாருக்கு பலம் அதிகம்? நாங்கள் நான்கு நண்பர்கள் இதற்காகச் சண்டையே போட்டுவிட்டோம். – திருநெல்வேலி

எண்ணிப் பார்த்தால் படத் தோர்தான். நட்சத்திரத்தின் வெப்பம் முழுவதையும் மார்பில் தாங்கி நிற்கிறான், பறக்கிறான், கிரகம் விட்டுக் கிரகம் போகிறான். புராணத் தோர் பறப்பதே இல்லை. இரண்டு ஆடுகள் பூட்டிய தேரில் போகிறான். பல நேரம் நடந்தே போகிறான். தேவர்கள் உலக மரத்தடியில் தினமும் சபை கூடுவார்கள். மற்றவர்கள் குதிரையேறி வர, தோர் மட்டும் நான்கு ஆறுகளை இறங்கிக் கடந்து வருகிறான். வானவில் பாலம் தீப்பற்றி எரிவதால் என்று பாடல் காரணம் சொல்கிறது. இடி தேவன் முழங்கால் நனைய ஆற்றில் நடந்து சபைக்கு வரும் அந்தக் காட்சியைப் படித்தபோதுதான் எனக்கு அவன்மேல் அன்பு வந்தது.

ஆனால் புராணம் பலத்தை அளக்கும் விதமே வேறு. ஊட்கார்ட் கோட்டைக் கதையைக் கேளுங்கள். தோர், லோகி, வேலைக்காரச் சிறுவன் தியால்ஃபி ஆகியோர் ராட்சத அரசனின் கோட்டைக்குப் போகிறார்கள். ஏதாவது ஒரு திறமை இல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்கிறான் அரசன். லோகி தின்னும் போட்டியில் இறங்குகிறான். அவன் இறைச்சியை மட்டும் தின்று முடிக்க, எதிராளி எலும்பையும் தொட்டியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறான். மனிதரில் மிக வேகமானவனான தியால்ஃபி மூன்று ஓட்டங்களிலும் தோற்கிறான். தோர் ஒரு நீளமான கொம்பிலிருந்து மூன்று முறை மூச்சுப் பிடித்துக் குடிக்கிறான். மட்டம் கொஞ்சமே குறைகிறது. ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கச் சொல்கிறார்கள். வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கத் தூக்க அது முதுகை வளைத்துக்கொண்டே போகிறது. ஒரே ஒரு பாதம் தரையை விட்டு எழும்புகிறது. ஆத்திரத்தில் யாராவது என்னோடு மல்லுக்கு வாருங்கள் என்கிறான். அரசன் தன்னை வளர்த்த எல்லி என்ற கிழவியை அழைக்கிறான். தோர் பிடியை இறுக்க இறுக்க அவள் அசையாமல் நிற்கிறாள். அப்புறம் அவள் பிடிக்கிறாள். தோர் ஒரு முழங்காலை ஊன்றிவிடுகிறான்.

மறுநாள் காலையில் கோட்டை வாசலுக்கு வெளியே வந்தபின் அரசன் உண்மையைச் சொல்கிறான். லோகியோடு போட்டியிட்டது நெருப்பு. தியால்ஃபியோடு ஓடியது அரசனின் எண்ணம். கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது; நீ குடித்ததால் கடல் வற்றியதே, அதைத்தான் இனி கடல்நீர் இறங்கும் ஓதம் என்பார்கள். பூனையாகத் தெரிந்தது உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு. அதன் பாதம் எழும்பியதும் நாங்கள் அத்தனை பேரும் நடுங்கிப்போனோம். அந்தக் கிழவியோ முதுமை. அவளிடம் விழாதவர் இதுவரை இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. நீ ஒரு முழங்காலோடு நின்றாயே!

தோர் சுத்தியலை ஓங்குவதற்குள் அரசனும் இல்லை, கோட்டையும் இல்லை. வெறும் புல்வெளிதான் இருந்தது.

நண்பர்கள் நால்வரும் இதைப் படித்தபின் மறுபடி வாதாடிப் பாருங்கள். காமிக்ஸ் எழுதுபவர் தன் நாயகனுக்குப் பலம் கூட்ட வேண்டுமானால் இன்னும் பெரிய எதிரியைக் கொண்டுவருவார். இதை எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஒரு கிழவியைக் கொண்டுவந்தார். தோரின் பலத்துக்கு இதைவிடப் பெரிய அளவுகோலை நான் எந்தப் புராணத்திலும் கண்டதில்லை.

லோகி தோரின் தம்பியா? – பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

புராணத்தில் அவன் தம்பியும் இல்லை, வளர்ப்புப் பிள்ளையும் இல்லை. தோரின் தந்தை ஓடினோடு ரத்தம் கலந்து சகோதர உறவு செய்துகொண்டவன். அந்த வகையில் தோருக்குச் சிற்றப்பன் முறை. லவ்ஃபே என்பது அவன் தாயின் பெயர். 2011 படத்தில் அந்தப் பெயரைத் தந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். 2017 படத்தில் மரண தேவி ஹெலா ஓடினின் மகள். புராணத்தில் ஹெல் லோகியின் மகள். ஃபென்ரிர் ஓநாயும் உலகைச் சுற்றிய பாம்பும் அவளுடைய உடன்பிறப்புகள். லோகி ஒருமுறை பெண்குதிரையாகி ஓடினின் எட்டுக்கால் குதிரையைப் பெற்றெடுத்தான். இந்தப் படங்கள் எதிலும் அதைக் காணவில்லை.

உறவை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் தம்பிப் பொறாமை எந்த ஊர் ரசிகனுக்கும் உடனே புரியும். வருத்தம் வேறொன்றில். புராண லோகிக்கு ஆட்சி மேல் ஆசையே கிடையாது. அவன் செய்யும் ஒவ்வொரு குறும்பும் தேவர்களுக்குத் துன்பம் கொண்டுவரும். அதை அவனே சரிசெய்யப் போவான். போன இடத்திலிருந்து ஒரு வரத்தோடு திரும்புவான். சுத்தியல், ஓடினின் ஈட்டி, குதிரை மூன்றும் அப்படி வந்தவைதான். இந்தப் புத்தியைச் சிம்மாசன ஆசையாகச் சுருக்கியபோது பெரிய இழப்பு நேர்ந்தது. பின்னால் வந்த ‘லோகி’ தொடரில் அதில் கொஞ்சம் மீட்டெடுத்தார்கள்.

தோர் வெறும் உடல் பலம்தானா? மூளை கிடையாதா? படத்தில் அப்படித்தான் காட்டுகிறார்கள். – வங்கி ஊழியர், மதுரை

பழைய நார்ஸ் பாடல்களின் ‘எட்டா’ தொகுப்பில் இதற்கென்றே ஒரு பாடல் இருக்கிறது. எல்லாம் அறிந்தவன் என்று பெயர் பெற்ற அல்விஸ் என்ற சித்திரக்குள்ளன், தோர் வீட்டில் இல்லாதபோது பேசி முடித்த வாக்கை வைத்து, அவன் மகளை மணந்து கூட்டிப்போக இரவில் வருகிறான். அடித்து விரட்டியிருந்தால் கதை நான்கு வரியில் முடிந்திருக்கும். தோர் கேள்வி கேட்கிறான். பூமியை ஒவ்வோர் உலகத்தாரும் எப்படி அழைக்கிறார்கள்? வானத்தை? நிலவை? சூரியனை? மேகம், காற்று, கடல், நெருப்பு, இரவு என்று பதின்மூன்று கேள்விகள். மனிதர், தேவர், ராட்சதர் ஒவ்வொருவரும் வழங்கும் பெயரை அல்விஸ் சொல்லிக்கொண்டே போகிறான். தன் அறிவில் தானே மயங்குகிறான். கடைசிப் பதில் முடியும்போது கூடத்துக்குள் வெயில் விழுகிறது. சூரிய ஒளி பட்டால் சித்திரக்குள்ளர் கல்லாகிவிடுவார்கள். இவ்வளவு பழங்கதை அறிந்த நெஞ்சை நான் கண்டதில்லை என்று தோர் மனமாரப் பாராட்டிவிட்டு, உன்னை ஏமாற்றிவிட்டேன், விடிந்துவிட்டது என்கிறான்.

வேறொரு பாடலில் படகோட்டி வேடமிட்ட ஓடினிடம் வாய்ச்சண்டையில் தோர் தோற்றுப்போவதும் உண்டு. அக்கரைக்குப் போகப் படகு கிடைக்காமல் சுற்றுவழியில் நடக்கிறான். அவன் மேதை இல்லைதான். உழவனுக்கும் மீனவனுக்கும் பிடித்த தெய்வம் அவன். அவர்களுக்கு இருக்கும் சமயோசிதம் அவனுக்கும் இருந்தது. திரையில் அவனை வேடிக்கை மனிதனாக்கியதை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை.

ஓடின், டோனி ஸ்டார்க் – இவர்களில் யார் பெரிய அறிவாளி? – மென்பொருள் பொறியாளர், சென்னை

தானே செய்த கவசத்தால் ‘அயர்ன் மேன்’ ஆகும் ஸ்டார்க்குக்கு நேர்நிலையில் நிற்க வேண்டியவர்கள் சித்திரக்குள்ளர்கள். பொருள்களைச் செய்பவர்கள் அவர்கள்தான். ஃபென்ரிர் ஓநாய் எந்தச் சங்கிலியையும் அறுத்துவிட, கடைசியில் அவர்கள் ஒரு கயிறு செய்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்ந்தது அது. பட்டு நாடா போல மெல்லிசு. இழுக்க இழுக்க இறுகும். சந்தேகப்பட்ட ஓநாய், நம்பிக்கைக்கு ஒருவர் தன் கையை என் வாயில் வையுங்கள் என்றது. டீர் என்ற தேவன் மட்டும் முன்வந்தான். கயிறு அறவில்லை, தேவர்கள் சிரித்தார்கள், டீர் சிரிக்கவில்லை. அவன் வலக்கை போய்விட்டது.

ஓடினின் அறிவு இன்னும் கடுமையான வகை. ஞானம் நிரம்பிய மீமிரின் கிணற்றில் ஒரு வாய் நீருக்காகக் கண்ணைப் பிடுங்கி அடகு வைத்தான். மந்திர எழுத்துகளான ரூன்களை அறிய, ஈட்டியால் தன்னைக் குத்திக்கொண்டு, தன்னைத் தனக்கே பலியாக்கி, காற்று மோதும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கினான். உணவில்லை, நீரில்லை. கீழே உற்றுப் பார்த்தான், அலறிக்கொண்டே எழுத்துகளை அள்ளினான், விழுந்தான். அவனே தன் வாயால் சொல்வதாக அந்தப் பாடல் இருக்கிறது. உலகச் சேதி கொண்டுவர அவனிடம் இரண்டு காகங்கள் உண்டு. ஒன்று எண்ணம், மற்றது நினைவு. இரண்டும் திரும்பாமல் போய்விடுமோ என்று தினமும் அஞ்சுகிறான். நினைவைப் பற்றித்தான் அச்சம் அதிகம். முதியவர்களோடு வாழ்ந்தவர்கள் இந்த வரியைச் சுலபமாகக் கடந்துவிட மாட்டார்கள்.

2011 படத்தைப் பாருங்கள். கி.பி. 965இல் நார்வேயின் டான்ஸ்பர்க் ஊரில் பனி ராட்சதர்களோடு நடக்கும் போரில் ஓடின் கண்ணை இழக்கிறார். அது போர்க்காயம். 2017 படத்தில் தோரும் ஒரு கண்ணை இழக்கிறான். அடுத்த ஆண்டே ராக்கெட் என்ற ரக்கூன் அவனுக்கு ஒரு செயற்கைக் கண் கொடுத்துவிடுகிறது. எனக்கும் திரைக்கும் உள்ள மனத்தாங்கல் முழுவதும் இந்தக் கண்ணில்தான் இருக்கிறது. புராணத்தில் அறிவும் பலமும் விலைக்கு வருபவை. கொடுத்தது திரும்புவதில்லை. ஓடினின் கண் இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது. டீரின் கை ஓநாயின் வயிற்றில். சூப்பர் ஹீரோவுக்கு ஆற்றல் பெரும்பாலும் விபத்தாக வாய்க்கிறது. அதற்குப் பிறகு அவன் நல்லவனா என்று சோதிக்கிறார்கள். புராணம் நல்லவனா என்று கேட்பதே இல்லை. எவ்வளவு தருவாய் என்றுதான் கேட்கிறது.

இன்னொன்று. இவ்வளவு அறிந்த ஓடினால் வரப்போகும் அழிவைத் தள்ளிப்போடக்கூட முடியவில்லை. ஓநாய் தன்னை விழுங்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இன்னும் தெரிந்துகொள்ளப் போய்க்கொண்டே இருக்கிறான். ஸ்டார்க் தன் அறிவால் உலகத்தைக் காப்பாற்றி உயிரைக் கொடுத்தார். அது மரியாதைக்குரிய முடிவு. ஆனால் பெரிய அறிவாளி யார் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: ஓடின்.

ஹைம்டால் பாத்திரத்தில் கறுப்பின நடிகர் இட்ரிஸ் எல்பா நடித்தது சரியா? புராணத்தில் அவர் வெள்ளைத் தேவராமே? – விழுப்புரம்

தேவர்களில் மிக வெண்மையானவன் என்று ஒரு பாடல் சொல்வது உண்மை. புராணத் தோருக்குச் சிவப்புத் தாடி. காமிக்ஸில் பொன்னிறத் தலைமுடியும் மழித்த முகமும் கொடுத்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அதை ஏற்றவர்கள் இதை மட்டும் எதிர்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தேவர்களின் வாயிற்காவலனான ஹைம்டாலிடம் எனக்கு முக்கியம் அவன் புலன்கள். பறவையைவிடக் குறைவாகத் தூங்குவான். இரவோ பகலோ நூறு காதம் தெரியும். தரையில் புல் வளர்வதும் ஆட்டின் மேல் ரோமம் வளர்வதும் அவன் காதில் விழும். எல்பா அந்த வாசலில் அசையாமல் நின்ற நிற்பில் இவை அத்தனையும் இருந்தன.

இந்தக் கதைகளை எழுதியவர் யார்? அதுவும் ஒருவரின் கற்பனைதானே? அப்படியிருக்க காமிக்ஸ்காரர்களைக் குறை சொல்வானேன்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உரைநடை ‘எட்டா’வை 1220 வாக்கில் எழுதியவர் ஸ்னோரி ஸ்டுர்லுசன். ஐஸ்லாந்தின் கவிஞர், அரசியல்வாதி. நாடு கிறிஸ்தவத்தைத் தழுவி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பழைய கவிதைகளின் உவமைகள் இளம் கவிஞர்களுக்குப் புரியாமல் போகின்றனவே என்ற கவலையில் கதைகளைத் திரட்டினார். 1241இல் நார்வே அரசனின் ஆட்கள் அவரை ரெய்க்ஹோல்ட்டில் அவர் வீட்டு நிலவறையில் வைத்துக் கொன்றார்கள். ஊட்கார்ட் கதையை இவ்வளவு விரிவாக நாம் படிப்பது அவர் கைவண்ணத்தால்தான்; அதில் அவர் சேர்த்தது எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பாடல்கள் இருப்பது வேறொரு தோல் சுவடியில். 45 ஏடுகளே மிஞ்சிய அந்தச் சுவடி 1662இல் டென்மார்க் அரசனுக்குப் போனது. 1971இல் போர்க்கப்பலில் ரெய்க்யாவிக் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அதை வரவேற்க ஊரே திரண்டு நின்றது.

ஆகவே கிர்பியும் லீயும் மறுகதை சொன்னதில் குற்றமில்லை. கிர்பி 1957லேயே வேறொரு பதிப்பகத்துக்காகத் தோரின் சுத்தியலை வைத்து ஒரு கதை வரைந்திருக்கிறார். இந்தக் கதைகளில் அவருக்குப் பல காலப் பற்று. அவர் வரைந்த, தேவர் உலகான அஸ்கார்டின் கோபுரங்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மறுகதை சொல்பவர் மூலத்தின் எலும்பை எங்கே காப்பாற்றுகிறார், எங்கே முறிக்கிறார் என்று பார்ப்பது வாசகரின் உரிமை. அந்த உரிமையைத்தான் இந்தப் பக்கங்களில் பயன்படுத்துகிறேன்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சுத்தியல் மக்கள் கழுத்தில் அணிந்த பொருள். கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் பத்தாம் நூற்றாண்டின் அச்சுக்கல் ஒன்று இருக்கிறது. அந்த ஒரே கல்லில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். கேட்கும் ஆளுக்கு ஏற்ப வார்த்துக் கொடுத்திருக்கிறார் அந்தக் கம்மியர். ஐஸ்லாந்தில் குடியேறிய மெலிந்த ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பினார். ஆனால் கடல் பயணத்துக்கும் கடினமான வேலைகளுக்கும் தோரைத்தான் வேண்டினார் என்று குடியேற்ற வரலாறு பதிவு செய்திருக்கிறது.

ரெய்க்யாவிக் தேசிய அருங்காட்சியகத்தில் அகுரேரி அருகே கிடைத்த ஒரு வெண்கல உருவத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை, சுமார் கி.பி. 1000. கூம்புத் தொப்பி, உருண்டைக் கண்கள். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே சுத்தியலை இரு கைகளாலும் பற்றியிருக்கிறார். தாடி கீழிறங்கி எங்கே முடிகிறது, சுத்தியல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது தோர்தானா, விளையாட்டுக் காயா என்ற ஐயமும் அறிஞர்களுக்கு உண்டு. கண்ணாடிக்கு முன்னால் நின்ற எனக்கு அந்த ஐயம் எழவில்லை.

ரக்னராக்கில் தோர் உண்மையில் சாகிறானா? – ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஈரோடு

சாகிறான். ரக்னராக் தேவர்களின் இறுதிப் போர். அதில் தோர் உலகைச் சுற்றிய பாம்பைக் கொல்கிறான். அதன் நஞ்சு தாக்கி ஒன்பது அடி பின்வாங்கி நடந்து விழுகிறான். ஓடினை ஃபென்ரிர் விழுங்குகிறது. ஓடினின் மகன் விடார் பழி தீர்க்கிறான். லோகியும் ஹைம்டாலும் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுகிறார்கள். சுர்ட் என்ற தீ ராட்சதன் வைத்த தீயில் உலகம் எரிந்து கடலில் மூழ்கி, பச்சையாய் மறுபடி எழுகிறது. படத்தில் தோர் மக்களைக் கப்பலேற்றிக் காப்பாற்றிவிட்டு அஸ்கார்டை எரியவிடுகிறான். பாடலில் ஏறித் தப்ப அவனுக்குக் கப்பல் இல்லை.

சுத்தியல் அவன் மகன்கள் மாக்னிக்கும் மோடிக்கும் போகிறது. மாக்னி யார் தெரியுமா? ஹ்ருங்னிர் என்ற ராட்சதனைக் கொன்றபோது அவன் கால் தோரின் கழுத்தின் மேல் விழுந்து அமுக்க, தேவர்கள் எல்லோரும் சேர்ந்தும் நகர்த்த முடியாமல் நின்றார்கள். பிறந்து மூன்றே இரவுகள் ஆன மாக்னி வந்து காலைத் தூக்கி எறிந்துவிட்டு, நான் முன்பே வராமல் போனேனே, இவனை முஷ்டியால் கொன்றிருப்பேன் என்றானாம். உனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ பட்டியலில் இவனையும் சேர்த்துக்கொள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? – பலர்

த்ரிம் பாடலிலிருந்து. முப்பத்துச் சொச்சம் செய்யுள்தான். ஆங்கில மொழிபெயர்ப்புகள் நூலகங்களில் கிடைக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கல்யாண விருந்துப் பகுதியைத் தமிழில் உரக்கச் சொல்லுங்கள். அடுத்து ஸ்னோரியின் ஊட்கார்ட் கதை. ஓடினின் பாடல்களை அதற்கப்புறம் எடுங்கள். மரத்தில் தொங்கிய ஒன்பது இரவுகள் வரும் பகுதியை இரவில் தனியாகப் படிக்க வேண்டாம் என்று பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். பாம்பைத் தூண்டிலில் தோர் பிடித்த கதையைக் கேட்டு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அது அடுத்த இதழில்.